பத்துக்கு இரண்டு

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு, கிழக்கு ஓக்லாந்தில் கணக்குச் சொல்லித்தரும் ஒருத்தி எழுதும் மடல்.

வணக்கம்.

சென்ற மாதம் ஃபிரீமான்ட்டில் ஒரு புதுமனைப் புகுவிழா. பந்தி முடிந்து பாயசக் கிண்ணத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்தேன். எதிரில் இருந்தவர், எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று விசாரித்தார். கிழக்கு ஓக்லாந்தில் ஒரு சார்ட்டர் உயர்நிலைப் பள்ளி என்று சொல்லி அதன் பெயரையும் சொன்னேன். உடனே ஃபோனை எடுத்தார். வீடு தேடும் செயலி. வீட்டு விலைக்குக் கீழேயே அக்கம்பக்கத்துப் பள்ளிகளின் ரேட்டிங்கும் வருமே, அது. "பத்துக்கு இரண்டு போட்டிருக்கிறார்கள்" என்றார். அந்தக் குரலில் குற்றம் சொல்லும் தொனி இல்லை. துக்கம் விசாரிக்கும் தொனி. பிறகு, "நம் பக்கத்துப் பள்ளிகளில் முயற்சி செய்யவில்லையா?" என்று கேட்டார்.

பாயசம் நன்றாக இருந்தது, விழா வீட்டுக்காரர்களும் நல்லவர்கள். அதனால் அங்கே வாயைத் திறக்கவில்லை. பதிலை இங்கே எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, உங்கள் எல்லோருக்கும். எனக்கும் கொஞ்சம் சேர்த்தே. ஏனென்றால் நாங்கள் வீடு வாங்கியபோதும் இதே செயலியைத்தான் பார்த்தோம். என் மகன் ஒன்பது போட்ட பள்ளியில் படித்தவன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். சார்ட்டர் பள்ளி என்றால் உங்களில் பாதிப் பேர் தனியார் பள்ளி என்று நினைக்கிறீர்கள், மீதிப் பேர் ஏதோ ஏமாற்று வேலை என்று நினைக்கிறீர்கள். இங்கே கட்டணம் கிடையாது. செலவு அரசுப் பணம். இடத்தைவிட விண்ணப்பம் அதிகமானால் குலுக்கல். நடத்துவது மட்டும் லாப நோக்கில்லாத ஒரு தனி அமைப்பு. நம் ஊர் அரசு உதவி பெறும் பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான். ஒரு வேறுபாடு: எங்களுக்குத் தவணை உண்டு. பெரும்பாலும் ஐந்து ஆண்டு. முடிந்ததும் கல்வி வாரியத்தின் முன் போய் நின்று, இன்னும் உயிரோடு இருக்க அனுமதி கேட்க வேண்டும்.

இந்த யோசனையை 1988இல் நாடறியச் செய்தவர் ஆல்பர்ட் ஷாங்கர், ஓர் ஆசிரியர் சங்கத்தின் தேசியத் தலைவர். ஆசிரியர்களே சேர்ந்து புதுமுறைகளைச் சோதித்துப் பார்க்கச் சிறு பள்ளிகள் வேண்டும் என்பது அவர் கனவு. மின்னசோட்டா 1991இல் முதல் சட்டத்தைக் கொண்டுவந்தது. கலிஃபோர்னியா 1992இல் இரண்டாவது. சில ஆண்டுகளிலேயே ஷாங்கர் தான் தூக்கி வளர்த்த பிள்ளையைத் தானே வெறுக்கத் தொடங்கிவிட்டார். இன்று ஆசிரியர் சங்கங்களுக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்கும் ஏழாம் பொருத்தம். அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. ஸ்டான்ஃபர்டு பல்கலைக்கழகத்தின் கல்வி ஆய்வு மையமான கிரெடோ 2009இல் பார்த்தபோது, கணக்கில் வழக்கமான அரசுப் பள்ளிகளைவிட மேலாக இருந்த சார்ட்டர் பள்ளிகள் 17 சதவீதம், கீழாக இருந்தவை 37 சதவீதம். அதே மையம் 2023இல் சொன்னது வேறு: சார்ட்டர் பிள்ளைகள் சராசரியாக வாசிப்பில் 16 நாள், கணக்கில் 6 நாள் பாடம் முன்னால் இருக்கிறார்கள். ஆறு நாள்! அற்புதம் என்று கூவவும் முடியாது, மோசடி என்று ஏசவும் முடியாது.

இனி அந்த இரண்டுக்கு வருகிறேன்.

அதில் வேறு சிலவும் கலந்திருந்தாலும் அடித்தளம் தேர்வு மதிப்பெண்தான். கலிஃபோர்னியாவில் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டு வரை ஆண்டுதோறும் ஆங்கிலத்திலும் கணக்கிலும் மாநிலத் தேர்வு. ஆகவே ஒரு பிள்ளை சென்ற ஆண்டைவிட எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று நான்கிலிருந்து எட்டாம் வகுப்பு வரை கணக்கிட முடிகிறது. உயர்நிலைப் பள்ளியிலோ அந்தத் தேர்வு ஒரே முறை, பதினொன்றாம் வகுப்பில். ஒன்பதிலும் பத்திலும் இல்லை. எனவே முன்னேற்றக் கணக்கும் இல்லை. பயணி எந்த நிறுத்தத்தில் ஏறினார் என்று பார்க்காமல், இறங்கிய நிறுத்தத்தை மட்டும் பார்த்து பஸ் எவ்வளவு தூரம் ஓடியது என்று சொல்லும் கதைதான்.

எங்கள் பிள்ளைகள் ஏறும் நிறுத்தத்தைக் காட்டுகிறேன். ஆகஸ்ட் முதல் வாரம், ஒன்பதாம் வகுப்பு. பெயர், பிடித்த உணவு எல்லாம் எழுதச் சொல்லிவிட்டு, தாளின் அடியில் ஒரு கணக்குப் போட்டிருந்தேன்: அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டு. 27 பேரில் பாதிக்கு மேல் ஐந்தில் இரண்டு என்று எழுதியிருந்தார்கள். மேலே இருப்பதை மேலே, கீழே இருப்பதைக் கீழே கூட்டியாகிவிட்டது. கரும்பலகையில் அதை எழுதி, "ஐந்தில் இரண்டு பாதியைவிடக் குறைவு. பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பாதியைவிடக் குறையுமா?" என்று கேட்டேன். அமைதி. பின்வரிசையில் ஒரு பெண் சற்று யோசித்துவிட்டு, "பின்னத்தில் அப்படியெல்லாம் நடக்கும் மிஸ்" என்றாள்.

எட்டு ஆண்டு கணக்குப் பாடம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான். கணக்கு என்பது காரணம் கேட்கக் கூடாத ஓர் இடம்.

அவளை ஐந்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து தூக்கி இரண்டரை ஆண்டில் ஒன்பதாம் வகுப்புக் கணக்கு வரை கொண்டுவந்துவிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெரிய வேலை அது. பதினொன்றாம் வகுப்புத் தேர்வு அதை என்னவென்று சொல்லும்? நான்கு படிகளில் அடிப்படி. அவள் உள்ளே நுழைந்த நாளில் எழுதியிருந்தாலும் அதே அடிப்படிதான்.

தேர்வு நடக்கும் விதத்தையும் சொல்ல வேண்டும். கணினித் தேர்வு. சரியாக எழுதினால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். இதைப் பிள்ளைகள் நம்மைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். கேள்வி எளிதாகிக்கொண்டே வந்தால் தான் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். ஒரு மே மாதக் காலையில் ஒருவன் பத்து நிமிடத்தில் எல்லாவற்றுக்கும் எதையோ அழுத்திவிட்டுத் தலையை மேசைமேல் சாய்த்துக்கொண்டான். தட்டி எழுப்பி ஏன் என்றேன். "இதனால் எனக்கு என்ன ஆகும்?" என்றான். ஒன்றும் ஆகாது. அவன் மதிப்பெண் பட்டியலில் இது ஏறாது. ஆவது பள்ளிக்குத்தான். அதைச் சொல்லி அவனை எழுதவைக்க எனக்கு மனம் வரவில்லை. உங்கள் பக்கத்திலும் இது தெரியாமல் இல்லை: அதே மாதத்தில் கல்லூரி அளவுப் பாடங்களுக்கான ஏ.பி. தேர்வு வருகிறது என்று கடிதம் கொடுத்து, பிள்ளையை இந்தத் தேர்வுக்கே அனுப்பாத பெற்றோர் உண்டு. சட்டம் அதற்கு இடம் தருகிறது. அங்கே அதன் பெயர் நேர மேலாண்மை. இங்கே தூங்கியவனுக்குப் பெயர் அக்கறையின்மை.

சரி, ஒன்பது போட்ட பள்ளிகளுக்கு வருவோம். இரண்டாம் வகுப்பிலிருந்தே சனிக்கிழமை கணக்கு வகுப்பு, ஆறில் அபாகஸ் போய் ஒலிம்பியாட், எட்டில் அல்ஜீப்ராவை முன்கூட்டியே முடிக்கக் கோடை விடுமுறையில் ஒரு தனி ட்யூஷன். வீட்டில் அப்பா அம்மா இருவரும் பொறியாளர்கள். இந்த நாட்டுக்கு நம்மை அழைத்து வந்த விசாவே ஒரு நுழைவுத் தேர்வுதான். அதில் தேறியவர்களின் பிள்ளைகளை ஒரே ஊரில் குவித்துவிட்டு, அந்த ஊர்ப் பள்ளி ஒன்பது வாங்குகிறது என்று வியக்கிறோம். அந்த ஒன்பதில் பள்ளிக்கூடம் எத்தனை, நீங்கள் எத்தனை? கழித்துப் பாருங்கள். நாம் கணக்கில் கெட்டிக்காரர்கள் என்றுதானே பெயர்.

எங்கள் பிள்ளைகளின் வீடுகள் வேறு மாதிரி. பலர் குவாத்தமாலாவின் மேற்கு மலைப்பகுதியிலிருந்து வந்தவர்கள். ஸ்பானிஷ் பேசுகிறவர்கள் என்று அரசுப் படிவங்கள் நினைத்துக்கொள்கின்றன; வீட்டில் பேசுவது மாம், மாயன் குடும்பத்து மொழி. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பேசும் மொழி அது. ஓக்லாந்தில் மட்டும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். தமிழுக்காக ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுக்கும் உங்களுக்கு, பெரிய மொழியின் நிழலில் எண்ணப்படாமல் போகும் மொழியைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை.

பத்தாம் வகுப்பில் ஒரு பெண். முதல் பருவத்தில் கணக்கில் தவறிவிட்டாள். இங்கே ஒரு பருவப் பாடத்தில் தேறினால் ஐந்து கிரெடிட், அதாவது பள்ளிப் படிப்பை முடிக்கச் சேர்க்க வேண்டிய புள்ளி. அது குறைந்தால் பள்ளிப் பட்டம் தள்ளிப்போகும். வீட்டுக்கு ஃபோன் போட்டு, ஸ்பானிஷ் தெரிந்த அலுவலக ஊழியரைப் பேசச் சொன்னேன். உங்கள் மகளுக்கு ஐந்து கிரெடிட் குறைகிறது என்று அவர் சொன்னார். அம்மா, சரி சரி என்றார். மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு வாயிலில் வந்து நின்றார், துப்புரவு வேலைச் சீருடையோடு. கைக்குட்டையை அவிழ்த்தார். உள்ளே இருபது டாலர் நோட்டுகள், ஐந்து. மகள் பள்ளிக்குக் கடன்பட்டிருக்கிறாள் என்று புரிந்துகொண்டிருக்கிறார். ஐந்து என்றார்கள், ஐந்து என்ன என்று தெரியவில்லை, கையில் இருந்த பெரிய நோட்டில் ஐந்து கொண்டுவந்துவிட்டார்.

பணத்தைத் திருப்பிக் கொடுத்து விளங்கவைக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்கும் பக்கத்து வகுப்புப் பையன் ஒருவன்தான் மொழிபெயர்த்தான். அந்த அம்மாவுக்கு அந்த அரை மணி நேரச் சம்பளம் பிடிக்கப்பட்டிருக்கும். பெற்றோர்களுக்கு அக்கறை இல்லை என்று அடுத்த முறை யாராவது சொன்னால், இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வருகைப் பதிவும் எங்களுக்குத் தலைவலி. கலிஃபோர்னியா பள்ளிகளுக்குப் பணம் தருவது சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு அல்ல, வந்த பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு. வராத பிள்ளைக்குப் பணம் இல்லை. பத்தில் ஒரு நாளோ அதற்கு மேலோ வராவிட்டால் நாள்பட்ட விடுப்பு என்று பெயர். பெருந்தொற்றுக்குப் பின் 2021-22இல் மாநிலம் முழுவதற்குமே அது 30 சதவீதத்தைத் தொட்டது. நீங்கள் டிசம்பரில் ஊருக்குப் போகும்போது தனிப் படிப்புக்கான படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவீர்கள். பிள்ளை மயிலாப்பூரில் இருந்துகொண்டு வீட்டுப்பாடம் செய்தால் பள்ளிக்குப் பணம் வந்துவிடும். எங்கள் பிள்ளைகள் படிவம் நிரப்பிவிட்டு மூச்சுத்திணறலில் படுப்பதில்லை.

மூச்சுத்திணறல் என்றது பேச்சுக்காக அல்ல. ஓக்லாந்தில் இரண்டு பெரிய நெடுஞ்சாலைகள். 580 மலையடிவாரமாக, வசதியான பக்கத்தில் ஓடுகிறது. அதில் கனரக லாரிகளுக்குப் பல ஆண்டுகளாகத் தடை. துறைமுகத்து லாரிகளுக்கு வழி 880, எங்கள் பக்கம். மழைக்காலத்தில் எங்கள் அலுவலக இழுப்பறையில் பேனாவைவிட இன்ஹேலர் அதிகம். நீங்கள் ஃபிரீமான்ட்டிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும்போது லாரிகளைத் திட்டிக்கொண்டே போவீர்களே, அதே 880தான்.

இவ்வளவும் சொல்லிவிட்டு எங்கள் பள்ளியின்மேல் தவறே இல்லை என்று முடித்தால் நான் பொய்க்காரி. ஓர் ஆண்டு வடிவியல் வகுப்புக்கு அக்டோபரிலிருந்து நிரந்தர ஆசிரியர் இல்லை. பாதியில் போனவரைக் குறை சொல்லவும் மாட்டேன். வாடகை கட்ட முடியாமல் சாக்ரமெண்டோ பக்கம் போய்விட்டார். மாற்று ஆசிரியர்கள் ஒரே வகுப்பில் இத்தனை நாள்தான் நீடிக்கலாம் என்று விதி. ஆகவே முகம் மாறிக்கொண்டே இருந்தது. கடைசியில் பிள்ளைகளைக் கணினி முன் உட்காரவைத்தோம். தவறிய பாடத்தை இணையத்தில் திரும்பப் படித்து கிரெடிட்டை மீட்கும் ஏற்பாடு. ஐந்து மாதப் பாடத்தைச் சிலர் மூன்று வாரத்தில் முடித்தார்கள். விடைகளை இன்னொரு திரையில் தேடி எழுதினார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தே கையெழுத்துப் போட்டேன். அந்த ஆண்டு பட்டம் பெற்றவர்களின் விகிதம் கூடியது. விழாவில் அதைச் சொல்லிக் கைதட்டினார்கள். எனக்கு அந்தப் பட்ட விகிதத்தைவிட, நீங்கள் ஃபோனில் பார்த்த இரண்டின்மேல்தான் நம்பிக்கை அதிகம். அது கடுமையானது, ஆனால் நாங்கள் திருத்தி எழுத முடியாதது.

அதனால் எங்கள் பள்ளி நீடிக்க வேண்டுமா என்று கேட்டால் எனக்கே இரண்டு மனம். 2019இல் வந்த ஏ.பி. 1505 என்ற மாநிலச் சட்டம் சார்ட்டர் பள்ளிகளை உயர், நடு, தாழ் என்று மூன்று தட்டாகப் பிரிக்கிறது. தாழ்ந்த தட்டில் விழுந்தால் புதுப்பிக்காமல் விடுவதே பொது விதி. தகுந்த சான்று காட்டினால் இரண்டே ஆண்டு. எங்கள் முறை வரப்போகிறது. அந்தக் கூட்டத்துக்கு வந்து எங்களுக்காகப் பேசுங்கள் என்று உங்களை அழைக்கவில்லை. மூடினால் பிள்ளைகள் எங்கே போவார்கள் என்பதுதான் என் கவலை. இந்தக் காட்சியை நான் முன்பே பார்த்திருக்கிறேன். நான் படித்தது வட ஆற்காடு பக்கம் ஓர் அரசு மகளிர் பள்ளி. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதத் தேர்ச்சி காட்ட வேண்டும் என்பதற்காக, ஊரில் இருந்த ஒரு தனியார் பள்ளி ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் படிக்காத பிள்ளைகளுக்கு டி.சி. கொடுத்து அனுப்பிவிடும். அவர்கள் எங்கள் பள்ளிக்கு வருவார்கள். அடுத்த ஆண்டு முடிவு வரும்போது அங்கே நூறு, எங்களுக்கு அறுபது சொச்சம். தலைமை ஆசிரியை வாயில் பலகையில் அந்த எண்ணைத் தன் கையாலேயே எழுதுவார், நிதானமாக. குலுக்கல் நடத்தும் அளவுக்கு எங்களுக்குக் கூட்டம் இல்லை. நடு ஆண்டில் நான்காவது பள்ளியாக எங்களிடம் வருகிறவர்களையும் சேர்த்துக்கொள்கிறோம். எல்லா ஊரிலும் ஒரு கடைசிப் பள்ளி இருக்கும் போலும்.

இப்போது கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

நன்கொடை வேண்டாம். பழைய மடிக்கணினி வேண்டாம், எங்களிடமே இருக்கிறது. கல்லூரி விண்ணப்பத்துக்குச் சேவை மணிநேரம் வேண்டும் என்று உங்கள் பிள்ளைகளை அனுப்பியும் வைக்க வேண்டாம். இரண்டு முறை வந்தார்கள். நல்ல பிள்ளைகள். ஆறு சனிக்கிழமை, ஒரு பதாகை, ஒரு குழுப் படம், ஒரு சான்றிதழ். ஏழாவது சனிக்கிழமை எங்கள் பிள்ளைகள் மட்டும் வந்து காத்திருந்தார்கள்.

படம் கேட்காமல் வந்தவர் ஒரே ஒருவர். மகளைப் பார்க்க ஆறு மாத விசாவில் காரைக்குடியிலிருந்து வந்திருந்த பெரியவர். மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். பகல் முழுவதும் வீட்டில் தனியாக இருக்க முடியவில்லை, எங்காவது கூட்டிக்கொண்டு போ அம்மா என்றார். கூட்டிக்கொண்டு போனேன். அவருக்கு ஸ்பானிஷ் தெரியாது; பிள்ளைகளுக்கு அவருடைய ஆங்கிலம் புரியவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து நீளவாக்கில் இரண்டாக மடித்தார். பிரித்து, குறுக்கே மூன்றாக மடித்தார். பிரித்தபோது ஆறு கட்டம். பாதித் தாளில் எத்தனை கட்டம் என்று விரலால் கேட்டார். மூன்று. மூன்றில் ஒரு பங்கில்? இரண்டு. ஐந்து கட்டங்களைப் பென்சிலால் தீட்டிவிட்டு, மிச்சம் இருந்த ஒன்றை ஆள்காட்டி விரலால் தட்டிக் காட்டினார். பின்னத்தில் எதுவும் நடக்கும் என்று சொன்ன அதே பெண், தாளைப் பிடுங்கி மறுபடி மறுபடி மடித்துப் பார்த்தாள்.

அடுத்த வாரம் அவள் தங்கையையும் அழைத்து வந்திருந்தாள். பெரியவர் விசா முடியும்வரை ஒரு செவ்வாய்க்கிழமையும் தவறவில்லை. இந்த ஆண்டு வர மாட்டாராம், முழங்கால் அறுவை சிகிச்சை.

உங்கள் வீடுகளில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார்கள், வங்கிக் கிளை மேலாளர்கள், பொதுப்பணித் துறைப் பொறியாளர்கள். காலையில் சீரியல், மாலையில் பேரனுக்காகக் காத்திருத்தல், நடுவில் நடைப்பயிற்சி. அவர்களைக் கொடுங்கள். நீங்களும் வரலாம்; ஆனால் ஆகஸ்டில் தொடங்கினால் மே வரை. அவர்களுக்கு விசா உள்ளவரை.

செவ்வாய், வியாழன், பிற்பகல் மூன்றே முக்கால் முதல் ஐந்தே கால் வரை. அதற்கு முன் கைரேகைப் பதிவும் காசநோய்ப் பரிசோதனையும் முடிக்க வேண்டும். அந்த அலைச்சலுக்கு நானே கூட வருகிறேன். 880இல் வடக்கே வந்தால் ஃபிரீமான்ட்டிலிருந்து அரை மணி நேரம், லாரிகள் விட்டால். வண்டி ஓட்டத் தெரியாதவர்களை கொலிசியம் பார்ட் ரயில் நிலையத்தில் வந்து அழைத்துக்கொள்கிறேன். பள்ளி வாயிலில் அழைப்பு மணி ஒன்று இருக்கிறது. அது வேலை செய்யாது, கதவைத் தட்டுங்கள்.

இப்படிக்கு,
பாயசத்தோடு ஓரமாக உட்கார்ந்திருந்த கணக்கு டீச்சர்